பொடி கழித்த காந்தக் கணக்கு

உக்கிரபாண்டிக்கு ஒரே மகன் என்பதைத் தவிர, முப்பத்தாறு வயது வரைக்கும் வினோத்குமாருக்கு வேறு தகுதி எதுவும் இருந்ததில்லை. அந்தத் தகுதியும் அவன் சம்பாதித்தது அல்ல.

உக்கிரபாண்டி போடிநாயக்கனூரில் பேரைச் சொன்னால் தெரிகிற ஏலக்காய் வியாபாரி. ஊருக்குள் காய் தரம் பிரிக்கிற கிட்டங்கி இருந்தது. போடிமெட்டு தாண்டி மலையில் தோட்டம் இருந்தது. தோட்டத்திலேயே ஒரு ஸ்டோர். ஸ்டோர் என்றால் சாமான் அடுக்கும் இடமில்லை. பறித்த பச்சைக்காயை உடனுக்குடன் உலர்த்தி எடுக்கிற கட்டடம். கீழே விறகு எரியும், மோட்டார் காற்றாடி அந்தச் சூட்டை உள்ளே தள்ளும், காய் பச்சை நிறம் மாறாமல் காய்ந்து வரும். இவ்வளவும் இருக்கிற வீட்டில் பிறந்தவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பான். வினோத்குமார் கண்ணைத் திறந்துகொண்டு ஏதாவது செய்தான், அதுதான் சிக்கல்.

மதுரையில் இன்ஜினியரிங் சேர்ந்தான். பாஸான பாடங்களைவிடப் பார்த்த படங்கள் அதிகம் என்று ஆனபோது ஊருக்குத் திரும்பினான். செல்போன் கடை வைத்தான்; கடையில் ரிப்பேருக்கு வந்த போன்கள் வந்தபோது இருந்ததைவிட மோசமாகத் திரும்பிப் போயின. காளான் வளர்த்தான், காளானுக்குப் பதிலாக வேறு என்னென்னவோ வளர்ந்தன. குரங்கணிக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்குக் கூடாரம் வாடகைக்கு விட்டான். மூன்று ஜமுக்காளம் மிச்சம். ஒவ்வொன்றையும் தேங்காய் உடைத்துத்தான் தொடங்கினான். ஊர்க்காரர்கள் வந்து சுண்டல் தின்றுவிட்டு, தெருமுனை திரும்பியதும் சிரித்தார்கள். போடியில் ஒருவன் விழுந்தால் தூக்கிவிட ஆள் வர நேரமாகும். வேடிக்கை பார்க்க ஆள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருக்கும்.

உக்கிரபாண்டி ஒருநாளும் மகனைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று வினோத்குமாரே நினைத்ததுண்டு. ஏல மையத்துக்கு வருகிற வெளியூர் வியாபாரிகள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கேட்பார்கள். உக்கிரபாண்டி இலையில் கண் வைத்தபடியே, "எம்மருமக வேலை பாக்குது" என்பார். அப்புறம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு விருந்தாளிகளுக்கும் தொற்றும். அவர்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டு நிற்கிற வினோத்குமாரும் சிரிக்க வேண்டியிருக்கும்.

"இவன் எம்மகன்" என்று சொல்லி, அதோடு நிறுத்தி, சிரிக்காமல் அப்பா அடுத்த கவளத்தை எடுக்க வேண்டும். வினோத்குமார் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

உக்கிரபாண்டி சொன்ன மருமகள், வினோத்குமாரின் பெண்டாட்டி முத்துப்பிரியா. கோயம்புத்தூரில் ஃபேன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றுக்கு, போடியில் மாடி அறையில் இருந்தபடியே வேலை பார்த்தாள். காந்தம் வைத்த ஃபேன் மோட்டாரைக் கம்ப்யூட்டருக்குள் வரைந்து, காந்தத்தை ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பி, எந்த இடத்தில் எவ்வளவு விசை இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்கெடுப்பது அவள் வேலை. இரும்பு வெட்டும் முன்பே மோட்டார் எப்படி ஓடும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெருவில் இதை யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. "கம்ப்யூட்டர்ல காந்தம் ஒட்டுற சோலியாம்" என்று பக்கத்து வீட்டு வேலுத்தாய் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

புருஷனைப் பற்றி முத்துப்பிரியாவுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அவனை அவள் மதிக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் மலையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. ஸ்டோரில் கரண்டு போய்க் காற்றாடி நின்றது. ஜெனரேட்டரும் அன்றைக்குப் பார்த்து முரண்டு பிடித்தது. உள்ளே இருந்த காய் முழுக்கப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. உக்கிரபாண்டி அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த வினோத்குமாருக்கு, அந்த வளைவுகளில் இறங்கும்போதுதான் யோசனை உதித்தது. செல்போனில் அவன் முன்பே பார்த்திருந்த வீடியோ ஒன்றில், ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சக்கரத்தின் விளிம்பில் காந்தங்களைச் சாய்த்து ஒட்டி, சுற்றிலும் வேறு காந்தங்களை நிறுத்தி வைத்திருந்தார். சக்கரம் கரண்டு இல்லாமல், டீசல் இல்லாமல், நிற்காமல் சுற்றியது. அந்தச் சக்கரத்தைக் காற்றாடியில் மாட்டினால்?

உலகத்தில் எந்த இன்ஜினியருக்கும் தோன்றாத விஷயம் தனக்குத் தோன்றியிருக்கிறது என்று அவன் நம்பினான். எல்லா இன்ஜினியருக்கும் அது தோன்றி, படிக்கிற காலத்திலேயே விட்டுப் போயிருக்கும் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. விட்டுப் போகிற வகுப்புக்கு அவன் போகவில்லை.

முத்துப்பிரியாவிடம் சொன்னான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சுத்தாதுங்க."

"வீடியோல சுத்துதே."

"வீடியோல மனுசன் பறக்கக்கூடச் செய்றான்."

"உனக்குத் தெரிஞ்சது ஃபேன் மோட்டாரு. இது வேற."

அவனை அறையிலிருந்து கிளப்புவதற்கு அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. தன் பழைய லேப்டாப்பில் காசில்லாமல் கிடைக்கிற காந்தக் கணக்கு மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். "முதல்ல இதுல சுத்திப் பாருங்க. இதுல சுத்துச்சுன்னா அப்புறம் இரும்பு வாங்கலாம்" என்றாள். நாலு நாளில் சலித்துப்போய் மூடி வைத்துவிடுவான் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பிப்போனது.

வினோத்குமார் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை அட்டை மாதிரி பிடித்துக்கொண்டான். மென்பொருள் காந்தத்தையும் அதைச் சுற்றியுள்ள காற்றையும் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடும். முதலில் அவன் காற்றை வரையவே மறந்தான். கணக்கு ஓட மறுத்தது. பிறகு வடக்கையும் தெற்கையும் மாற்றி வைத்தான். பிறகு முக்கோணங்களைப் பெரிதாக வெட்டியதால் கண்டபடி எண்கள் வந்தன. மாடி அறை வாசலில் போய் நின்று, தன்மானத்தைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, "இந்த இடத்துல என்ன தப்பு?" என்று கேட்பான். அவள் ஒரு வரியில் பதில் சொல்வாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவன் மறுபடி இரண்டு நாள் போராடுவான். லேப்டாப் அடுப்பு மாதிரி கொதிக்கும். சக்கரத்தை ஒரு டிகிரி திருப்பு, விசையைக் கணக்கெடு, குறித்துக்கொள், இன்னொரு டிகிரி திருப்பு. கடைசியில் ஒரு முழுச் சுற்றுக்கான எண்களும் வரிசையாக அட்டவணையில் வந்து உட்கார்ந்தன. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த அட்டவணையை முத்துப்பிரியா போட்டிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

அப்புறம் அவன் அதைச் சலித்தான்.

இது ஏலக்காய் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு. கிட்டங்கிக்குக் காய் மூட்டை வந்தவுடன் முதல் வேலை சல்லடை. பருத்த காய் மேலே நிற்கும். பொடிக்காயும் தூசியும் கீழே விழும். மேலே நிற்பதுதான் லாட்டு, அதுதான் ஏலத்துக்குப் போகும். கீழே விழுந்ததை யாரும் அந்த லாட்டில் சேர்த்துப் பேசுவதில்லை. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, சின்னதாக எது கண்ணில் பட்டாலும் கை தானாகவே ஒதுக்கித் தள்ளும்.

அட்டவணையில் சக்கரத்தை முன்னால் தள்ளுகிற எண்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. பின்னால் இழுக்கிற எண்கள் நிறைய, ஆனால் ஒவ்வொன்றும் துக்கடா. வினோத்குமார் ஓர் அளவு வைத்தான். அந்த அளவுக்குக் கீழே உள்ள எண்ணையெல்லாம் பொடி என்று கழித்துவிட்டான். மிச்சம் நின்றதெல்லாம் முன்னால் தள்ளுகிற விசை. கூட்டிப் பார்த்தான். சக்கரம் சுற்றாமல் இருக்கவே முடியாது என்று கணக்கு சொன்னது.

மாடிக்கு ஓடினான். முத்துப்பிரியா அட்டவணையைப் பார்த்தாள். முதல் பாதியைப் பார்க்கும்போது அவள் புருவம் உயர்ந்தது. இவன் இவ்வளவு தூரம் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அடுத்த பாதியைப் பார்த்ததும் மேசையில் தலை வைத்துச் சிரித்தாள்.

"காந்தத்துல போயி பொடி கழிச்சிருக்கீங்க. கழிச்சதையெல்லாம் திருப்பிச் சேத்துக் கூட்டுங்க. முன்னால தள்ளுனதும் பின்னால இழுத்ததும் சரியாப் போயி பூஜ்யம் வரும்."

"பொடியைக் கலந்தா லாட்டுக்கே விலை போயிரும்" என்றான் வினோத்குமார். அதைச் சொல்லும்போது, படித்தவளுக்கு வியாபாரம் தெரியாது என்ற இளக்காரம் அவன் முகத்தில் இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

பட்டறைக்காரர் மொக்கச்சாமி சக்கரத்தைச் செய்து கொடுத்தார். தள்ளிவிட்டால் ஒரு வேகத்தில் போகும்; போன வேகத்தில் தயங்கும்; பின்னால் வரும்; தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடி நிற்கும். அவன் கழித்துப்போட்ட பொடியெல்லாம் ஒன்று சேர்ந்து வந்து சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வினோத்குமார் பேரிங்கைச் சந்தேகப்பட்டான்.

இதற்குள் செய்தி மலையேறிவிட்டது. பால்ராஜ் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்த மலைச்சரிவில் ஆள் கிடையாது. கரண்டு இல்லாமல் ஓடுகிற மோட்டாரை உக்கிரபாண்டி மகன் கண்டுபிடித்துவிட்டான், வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் மூணாறில் வந்து தங்கியிருக்கிறான் என்று அவர் டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். கேட்டவர்கள் உக்கிரபாண்டியிடம் வந்து விசாரித்தார்கள். சிரித்துச் சமாளிக்கிற கட்டம் தாண்டிவிட்டது. உக்கிரபாண்டி மகனைக் கூப்பிட்டார்.

"ஆவணியில ஒரு நல்ல நாளு பாத்துருக்கேன். கிட்டங்கியில வச்சு நாலு பேரு முன்னாடி சுத்திக் காட்டு. சுத்துச்சுன்னா மலை ஸ்டோரு பொறுப்பு பூராம் உனக்கு."

"நெசமாவாப்பா?"

"ஆமாடா. பேரிங்கு மாத்துற சோலியை நான் மொக்கச்சாமிகிட்டச் சொல்லிர்றேன். நல்ல நேரத்துக்கு முன்னாடி அதைத் தொடாத."

வினோத்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா அவனை நம்பி ஒரு பொறுப்பைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஸ்டோர் கிடைத்தால் யாரும் இனி இலைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். சக்கரம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் அவன் கதை அதோடு முடிந்தது.

ஆவணியில் அந்த நாள் வந்தது. கிட்டங்கியில் மூட்டைகளை ஓரம் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் வந்தார்கள். கேசரி உண்டு என்று கேள்விப்பட்டு, ஏலக்காய்க்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் வந்தார்கள். மொக்கச்சாமி சக்கரத்தைக் கனமான ஒரு மரப்பெட்டியின் மேல் பொருத்திக் கொண்டுவந்து வைத்து, பெட்டியை ஒட்டியே நின்றுகொண்டார். "ஆடாமப் பிடிச்சுக்கிறேன் தம்பி" என்றார். வினோத்குமார் சாமி கும்பிட்டுச் சக்கரத்தைத் தள்ளினான்.

சுற்றியது. நிற்காமல் சுற்றியது. பால்ராஜ் தானே கண்டுபிடித்தது போலக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். மாலை வந்தது. பால்ராஜே அதை வினோத்குமாருக்குப் போட்டுவிட்டு, "மாப்ளே, எனக்குத்தான் முதல் சக்கரம், சொல்லிப்புட்டேன்" என்று கட்டிப்பிடித்தார். கடைசி வரிசையில் முத்துப்பிரியா எழுந்து நின்றுவிட்டாள். அவள் வாய் திறந்தபடி இருந்ததைப் பார்த்து வினோத்குமார் பூரித்துப்போனான். அது ஆச்சரியம் இல்லை, அருவருப்பு என்பது அவனுக்கு விளங்கவில்லை.

மறுநாளே ஜீப்பில் மலை ஏறினான். ஸ்டோரில் கணக்குப்பிள்ளை எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, காற்றாடிக்கு எவ்வளவு பெரிய சக்கரம் வேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினான். அதற்குச் சக்கரம் அன்றைக்கு என்ன வேகத்தில் சுற்றியது என்று தெரிய வேண்டும். கூட்டத்தில் யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தான்.

ஏதோ இடித்தது.

அவன் அட்டவணைப்படி, பொடியைக் கழித்த அந்தக் கூறுகெட்ட அட்டவணைப்படியே, சக்கரம் ஒரே சீராகச் சுற்றக் கூடாது. ஒவ்வொரு காந்தத்தைத் தாண்டும்போதும் ஒரு எத்து எத்த வேண்டும், அப்புறம் தளர வேண்டும். எத்துவதும் தளர்வதுமாகத்தான் போக முடியும். மாதக்கணக்கில் ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அந்த எத்து எங்கே வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். வீடியோவில் சக்கரம் வீட்டுக் கூரையில் தொங்குகிற ஃபேன் மாதிரி வழவழவென்று ஓடியது. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள். அது அப்படி ஓட முடியாது என்று தெரிந்த ஒரே ஆம்பளை போடியில் வினோத்குமார்தான். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் அவனுக்கே வேட்டு வைத்தது.

அன்று மத்தியானமே கீழே இறங்கினான். கிட்டங்கிப் பின்னறையில் சக்கரத்தைப் போர்த்தி வைத்திருந்தார்கள். மரப்பெட்டியைத் திருப்பி அடிப்பலகையைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்ன மோட்டார், பைக் பாட்டரி ஒன்று, மொக்கச்சாமி நின்ற பக்கமாக ஒரு சுவிட்சு.

மொக்கச்சாமிக்குப் போன் போட்டான். "என்னண்ணே இது?"

"உங்கப்பாகிட்டக் கேட்டுக்கப்பு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அப்பா முன்னறையில் காய் மாதிரிகளைத் தரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கையில் மோட்டாரைப் பார்த்ததும் அவர் பதறவில்லை.

"ஆமா, நான்தான் வைக்கச் சொன்னேன். பேரிங்கு மாத்துனா சுத்திருமா? நீ தொட்டு இதுவரைக்கும் எதுடா சுத்துச்சு? ஊரே மாலையோட வருது. அத்தனை பேரு முன்னாடி அது ஆடி ஆடி நின்னா எம்மூஞ்சியக் கொண்டுபோயி எங்கிட்டு வைக்கிறது?"

"அப்ப ஸ்டோரு?"

"போயி உக்காரு. கணக்குப்பிள்ளை பாத்துக்கிருவாரு. உன்னைய எவன் வேலை செய்யச் சொன்னான்?"

இத்தனை வருடமும் அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று வினோத்குமாருக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. ஊர் அவனை மட்டமாக நினைத்தது, பெண்டாட்டி மட்டமாக நினைத்தாள். அதையெல்லாம் அவன் தாங்கிப் பழகியிருந்தான். அப்பா பாட்டரி வாங்குகிற அளவுக்கு மட்டமாக நினைத்திருந்தார்.

"பால்ராஜ் அண்ணே ஜெனரேட்டரை வித்துட்டாராம்பா. நம்ம சக்கரத்தை நம்பித்தான். மழை புடிச்சுக் கரண்டு போச்சுன்னா அவரு காய் பூராம் போயிரும்."

"இந்தா வருது, அந்தா வருதுன்னு ஆறு மாசம் இழு. மறந்துருவான்" என்று சொல்லிவிட்டு உக்கிரபாண்டி காய் பார்ப்பதைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தான். கழித்துப்போட்ட பொடி எண்களையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிச் சேர்த்துக் கூட்டினான். பூஜ்யம்தான் வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த துளிப் பிசிறு முக்கோணம் வெட்டியதில் வந்த பிசகு. அது பிசகு என்று அவனுக்கே இப்போது தெரிந்தது. முத்துப்பிரியா பின்னால் வந்து நின்று பார்த்தாள். மேசை மேல் கிடந்த மோட்டாரையும் பார்த்தாள்.

"மாமாவா?" என்றாள்.

தலையாட்டினான். சிரிப்பாள் என்று காத்திருந்தான். அவள் சிரிக்கவில்லை.

ஏலம் நடக்கிற நாளில் தோட்டக்காரர்கள் எப்படியும் கிட்டங்கிக்கு வருவார்கள். பால்ராஜும் வந்தார், சக்கரம் எப்போது கிடைக்கும் என்று கேட்க இன்னும் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உக்கிரபாண்டி தன் நாற்காலியில் இருந்தார். மொக்கச்சாமியையும் வினோத்குமார் வரச் சொல்லியிருந்தான். முத்துப்பிரியா கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றாள்.

சக்கரத்தை நடுவில் வைத்துத் தள்ளினான். போனது, தயங்கியது, திரும்பி வந்தது, ஆடி நின்றது.

"இவ்வளவுதாண்ணே. இது சுத்தாது, என்னைக்கும் சுத்தாது. கம்ப்யூட்டர்ல வந்த கணக்குல சின்ன நம்பரையெல்லாம் நான் பொடின்னு கழிச்சுட்டேன். அதையும் சேத்தா, தள்ளுறதும் இழுக்குறதும் சரிக்குச் சரியாப் போயிருது. மிச்சம்னு ஒண்ணும் நிக்காது."

அவன் சொன்னதிலேயே புத்தியுள்ள பேச்சு அதுதான். அதைக் கேட்க ஒரு காதுகூட அங்கே திறக்கவில்லை.

"என்ன மாப்ளே விளையாடுற. அன்னைக்கு நாங்க கண்ணால பாத்தமே" என்றார் பால்ராஜ்.

வினோத்குமார் மோட்டாரை எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். "அன்னைக்குச் சுத்துனது இது. பெட்டிக்குள்ள இருந்துச்சு."

"யாரு வச்சது?"

மொக்கச்சாமி தரையைப் பார்த்தார். உக்கிரபாண்டியின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தன.

"நான்தான் வச்சேன்" என்றான் வினோத்குமார்.

காந்தக் கணக்குக்குத் திறக்காத காதுகள் எல்லாம் இதற்குத் திறந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பால்ராஜ் முதல் ஆளாக, "எனக்கு அன்னைக்கே சந்தேகந்தேன், இவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா" என்றார். மாலை போட்ட அதே கையை நீட்டி நீட்டிப் பேசினார். "ஜெனரேட்டரை வித்துட்டு நிக்கிறேனேடா பாவி" என்று கத்தினார். திருட்டுப்பயல் என்று ஒருவர் சொன்னார், வேறொருவர் அதற்கு மேல் சொன்னார்.

உக்கிரபாண்டி எழுந்தார். மகன் பக்கம் வந்து நிற்கப்போகிறார் என்று மொக்கச்சாமிகூட ஒரு நிமிஷம் நினைத்திருப்பார். அவர் பால்ராஜ் பக்கமாகப் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. இப்பிடி ஒரு பித்தலாட்டக்காரனைப் பெத்துருக்கேன்னு இன்னைக்குத்தேன் தெரியுது. ஸ்டோருப் பக்கம் இனிமே இவன் காலெடுத்து வைக்கக் கூடாது. எல்லாரும் மன்னிச்சுக்கிருங்க."

பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று எல்லோரும் அவருக்குச் சமாதானம் சொன்னார்கள். டீ வந்தது. குடித்துவிட்டுப் போனார்கள்.

கிட்டங்கி காலியானதும் உக்கிரபாண்டி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மொக்கச்சாமி நழுவியிருந்தார். முத்துப்பிரியா மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. இத்தனை வருடம் புருஷனுக்கென்று வைத்திருந்த பார்வையை அவள் மாமனார் மேல் திருப்பியிருந்தாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். அப்புறம் மகனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏண்டா, எம்பேரைச் சொல்லலை?"

வினோத்குமார் சக்கரத்திலிருந்து காந்தங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நீங்க வச்சீங்கன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்ப்பா. நான்னா உடனே நம்பிருவாங்க. வச்சது யாருன்னு தெரிஞ்ச நீங்களே நம்பிட்டீங்களே."

முத்துப்பிரியா உள்ளே வந்து, மாமனாரைத் தாண்டிப் போய், புருஷனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மிச்சக் காந்தங்களைக் கழற்றத் தொடங்கினாள்.